சுவர் காயாம இருமல் போகாது

1/ பொங்கல் முடிஞ்ச வாரம், ஓபியில ஒரு அம்மா. கையில நாலு வயசுப் பையன். மூணு மாசத்துல நாலாவது தடவை வீசிங். நெபுலைசர் வச்சா சரியாகுது, வீட்டுக்குப் போனா பத்து நாள்ல திரும்ப வருது. "மருந்தை மாத்தணுமா சார்?"ன்னு கேட்டாங்க. (யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/ இன்ஹேலர் ஒழுங்கா எடுக்கானா? எடுக்கான். வீட்டுல யாரும் பீடி, சிகரெட்? இல்ல. நாய், பூனை? இல்ல. "பையன் எங்கம்மா படுக்கான்?" "சுவரோரமா சார்." "சுவர் எப்படி இருக்கு?" போனை எடுத்து ஒரு போட்டோ காட்டினாங்க. கட்டிலுக்குத் தலைமாட்டுல கருப்புக் கருப்பா பூசணம், ஒரு தாம்பாளம் அகலத்துக்கு.

3/ மூணு மாடிக் குடியிருப்பு. இவங்க ரெண்டாவது மாடி. மேல் வீட்டு பாத்ரூம்ல இருந்து ஒழுகியிருக்கு. "அவங்க சரி பண்ணிக் கொடுத்துட்டாங்க சார். நாங்களும் பொங்கலுக்கு முன்னாடியே நல்ல பெயின்ட்டா வாங்கி அடிச்சிட்டோம். ரெண்டே வாரத்துல திரும்ப வந்திருச்சு." இந்த நீளமான த்ரெட் அந்த ரெண்டு வாரத்தைப் பத்தித்தான்.

4/ நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். ஒழுகலை நிறுத்துறது ஒரு வேலை. நனைஞ்சதைக் காய வைக்கிறது இன்னொரு வேலை. நாம முதல் வேலை முடிஞ்ச கையோட பெயின்ட் டப்பாவைத் திறக்கிறோம். நடுவுல இருக்க வேலையைச் செய்யாம விட்டதுக்கான பில் ஆஸ்பத்திரியில வருது. நான் இன்ஜினியர் கிடையாது. அந்த பில்லைப் பார்க்கிற ஆள்ங்கிற முறையில எழுதுறேன்.

5/ முதல்ல ஒரு கணக்கு. இந்தியத் தர நிர்ணயப்படி, நல்ல செங்கலே 24 மணி நேரம் தண்ணியில கிடந்தா தன் எடையில 20 சதவீதம் வரைக்கும் தண்ணி குடிக்கலாம். ஒரு செங்கல் சுமார் 3 கிலோ. அப்போ அரை லிட்டருக்கு மேல. பத்தடிக்குப் பத்தடி, ஒன்பது அங்குலச் சுவர்ல ஏறக்குறைய 1,000 செங்கல் இருக்கும்.

6/ அந்தச் சுவர் முழுசா ஊறினா 500 லிட்டருக்கு மேல தண்ணி. மாடியில நிக்கிற ஒரு கருப்பு சின்டெக்ஸ் டேங்க் அளவு. பாதிதான் ஊறுச்சுன்னாலும் அரை டேங்க். தரையில நின்ன தண்ணியை மாப் போட்டுத் துடைச்சு பக்கெட்ல பிழிஞ்சாச்சு. சுவருக்குள்ள நிக்கிற அரை டேங்க் தண்ணியை யார் பிழியிறது?

7/ அதைக் காத்துதான் பிழியணும். சுவருக்குள்ள இருக்க ஈரம் மெதுவா மேற்பரப்புக்கு வந்து ஆவியாகணும். கட்டட வேலைக்காரங்க மத்தியில உலகம் பூரா புழங்குற ஒரு தோராயக் கணக்கு: ஒரு அங்குலத்துக்கு ஒரு மாசம். ஒன்பது அங்குலச் சுவர் ரெண்டு பக்கமும் காத்தாட இருந்தா நாலஞ்சு மாசம். ஒரு பக்கம் டைல்ஸ் ஒட்டியிருந்தா இன்னும் இழுக்கும். நம்ம ஊர் வெயிலுக்குக் கொஞ்சம் குறையலாம். ரெண்டு வாரத்துல முடியாது.

8/ இப்ப 2023 டிசம்பரை நினைச்சுப் பாருங்க. 17, 18 தேதி. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. தாமிரபரணி மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டைன்னு வீட்டுக்குள்ள வந்துச்சு. கொக்கிரகுளத்துல கலெக்டர் ஆபீஸைச் சுத்தித் தண்ணி. தூத்துக்குடி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குள்ளயும் தண்ணி. ஆறு எட்டிப் பார்க்காத மேட்டு வீடுகள்லயும் மொட்டைமாடி வழியா மழை இறங்குச்சு.

9/ அந்த வருஷம் பொங்கல் ஜனவரி 15. வெள்ளம் வடிஞ்சு நாலு வாரம் கூட ஆகல. பொங்கலுக்கு வெள்ளையடிக்காம விட முடியுமா? பல வீட்டுல சேறு போன கோடு தெரியக் கூடாதுன்னே அவசர அவசரமா அடிச்சாங்க. அந்த மனசு எனக்குப் புரியுது. கண்ணு முன்னாடி அந்தக் கோடு நின்னா தூக்கம் வராது. ஆனா என்ன அடிச்சோம்கிறதுலதான் தப்பு.

10/ தாத்தா காலத்துல அடிச்சது சுண்ணாம்பு. அது மூச்சு விடும். உள்ள இருக்க ஈரம் அதைத் தாண்டி வெளிய போகும். சுண்ணாம்போட காரத்தன்மையில பூசணமும் லேசுல வளராது. இன்னிக்கு நாம அடிக்கிறது மேல படலமா மூடுற பிளாஸ்டிக் பெயின்ட். ஈரச் சுவர் மேல அதை அடிக்கிறது, சீழ் இருக்க புண்ணுக்குள்ள எதையும் எடுக்காம மேல தையல் போடுற மாதிரி. நாலு நாள் அழகா இருக்கும். அப்புறம் கொப்புளிக்கும், உப்பு பூக்கும், காரை பெயரும்.

11/ குறுக்குத்துறை முருகன் கோயிலை எல்லாரும் பார்த்திருப்பீங்க. வெள்ளம் வந்தா முங்கும். உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிருவாங்க. தண்ணி இறங்கினதும் கழுவி விட்டா பழையபடி கோயில். ஏன்னா அது கருங்கல், தண்ணி குடிக்காது. நம்ம வீடு செங்கல், சிமென்ட் பூச்சு, பிளைவுட், ஜிப்சம். எல்லாமே குடிக்கிற ஜாதி. கோயில் மாதிரி கழுவி விட்டா மட்டும் போதாது.

12/ சரி, ஈரச் சுவரால உடம்புக்கு என்ன? உலக சுகாதார நிறுவனம் 2009-ல வீட்டு ஈரத்துக்கும் பூஞ்சைக்கும்னே தனி வழிகாட்டி நூல் போட்டுச்சு. ஓதம் அடிச்ச வீட்டுல இருக்கவங்களுக்கு இருமல், இளைப்பு, சுவாசத் தொற்று, ஆஸ்துமா அதிகமாகுறது எல்லாம் கூடுதலா வரும்ங்கிறது அதோட சாரம். எல்லா வீசிங்குக்கும் சுவர்தான் காரணம்னு நான் சொல்லல. ஆனா காரணங்கள் பட்டியல்ல சுவர் இருக்கு. நாங்களும் கேக்கிறதில்ல, நீங்களும் சொல்றதில்ல.

13/ ஒரு பயத்தை மட்டும் இங்கயே தீர்த்துடுறேன். சுவர்ல கருப்பா இருக்கதெல்லாம் 2021-ல கொரோனாவுக்கு அப்புறம் பார்த்த 'கருப்புப் பூஞ்சை' நோய் இல்ல. அது வேற. ஆனா கீமோ எடுக்கிறவங்க, உறுப்பு மாற்று சிகிச்சை செஞ்சவங்க, சுகர் கட்டுக்குள்ள இல்லாதவங்க எந்தப் பூஞ்சைகிட்டயும் விளையாடக் கூடாது. அவங்களை அந்த ரூம்ல படுக்க வைக்காதீங்க, சுரண்டுற வேலைக்கும் விடாதீங்க.

14/ இங்கிலாந்துல ராச்டேல்ங்கிற ஊர். 2020 டிசம்பர்ல ரெண்டு வயசுக் குழந்தை அவாப் இஷாக் இறந்து போனான். வாடகைக் குடியிருப்பு, சுவரெல்லாம் பூஞ்சை. பெத்தவங்க பல தடவை புகார் சொல்லியும் வேலை நடக்கல. பூஞ்சையால வந்த சுவாசப் பாதிப்புதான் சாவுக்குக் காரணம்னு 2022-ல மரண விசாரணை அதிகாரி சொன்னார். இன்னிக்கு அந்தக் குழந்தை பேர்லயே சட்டம் இருக்கு. புகார் வந்தா இத்தனை நாளுக்குள்ள வீட்டு நிர்வாகம் பார்த்து சரி செய்யணும்னு கெடு வைக்குது.

15/ நம்ம மாடி வீட்டுக்கு வருவோம். "மேல சரி பண்ணிட்டோம்"னு மேல் வீட்டுக்காரர் சொல்றார். "இன்னும் சொட்டுதே"ன்னு கீழ் வீட்டுக்காரர் சொல்றார். ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்ல. பல சமயம் ரெண்டு பேர் சொல்றதும் உண்மை. பாத்ரூமுக்கு அடியில சிலாபைத் தாழ்வா போட்டு, அதுல செங்கல் உடைசலும் மண்ணும் நிரப்பியிருப்பாங்க. பைப் ஒழுகினா அந்த நிரப்பல் ஊறி ஒரு குட்டிக் குளம் மாதிரி நிக்கும். பைப்பை அடைச்ச பிறகும் அந்தக் குளம் வத்துற வரைக்கும் வாரக்கணக்குல கீழ சொட்டும்.

16/ அதனால கொத்தனார்கிட்ட "ஜாயின்ட்டை அடைச்சியா?"ன்னு மட்டும் கேக்காதீங்க. "உள்ள நின்ன தண்ணியை எடுத்தியா? ஊறின மண்ணை மாத்தினியா? காய விட்டு அப்புறம் டைல்ஸ் போட்டியா?"ன்னு கேளுங்க. இந்த மூணு கேள்வி எத்தனையோ அக்கம்பக்கச் சண்டையைத் தீர்க்கும்.

17/ இனி, தண்ணி புகுந்தா வரிசையா என்ன செய்யணும். முதல்ல கரன்ட். மாடி வீட்டுல தண்ணி சுவருக்குள்ள பதிச்ச ஒயர் பைப் வழியாவே இறங்கும். ஃபேன் கொக்கி, சுவிட்ச் போர்டுல சொட்டினா அந்தப் பக்கம் கையே வைக்காதீங்க. உங்களுக்கும் மெயினுக்கும் நடுவுல தண்ணி நின்னா நீங்க போகாதீங்க, இ.பி.க்குச் சொல்லி வெளிய நிறுத்துங்க. லிப்ட் வேண்டாம். எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் திரும்பப் போடணும்.

18/ அடுத்து பேஸ்மென்ட். தயவுசெஞ்சு இதைப் படிங்க. டீசல் பம்ப், ஜெனரேட்டர் எதையும் பேஸ்மென்ட்டுக்குள்ளயோ மூடின பார்க்கிங்லயோ வச்சு ஓட்டாதீங்க. கார்பன் மோனாக்சைடு. கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம், அவ்வளவுதான். ஒருத்தர் விழுந்தா தூக்கப் போன அடுத்தவரும் விழுவார். இன்ஜின் வெளிய திறந்த வெளியில நிக்கணும், ஓஸ் மட்டும் உள்ள போகணும்.

19/ பெரிய வெள்ளத்துக்கு அப்புறம் பேஸ்மென்ட் தண்ணியை ஒரே மூச்சுல இறைக்கவும் கூடாது. வெளிய மண்ணு ஊறிப் போய் சுவரை உள்ள தள்ளிக்கிட்டு இருக்கும். உள்ள நிக்கிற தண்ணிதான் அதுக்கு எதிரா தாங்குது. சட்டுன்னு காலி பண்ணினா சுவர் விரிசல் விடலாம், சாயலாம். கொஞ்சம் இறைச்சு, சுவர்ல கோடு போட்டு, ராத்திரி விட்டுப் பாருங்க. தண்ணி ஏறியிருந்தா இன்னும் பொறுங்க.

20/ இறைச்சாச்சுன்னு விட்டுறாதீங்க. லிப்ட் குழி, மூலை, சம்ப் மேல் தட்டு, எங்கயாவது தெளிஞ்ச தண்ணி தங்கியிருக்கும். டெங்கு கொசுவுக்கு அதுதான் பிரசவ வார்டு. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வெள்ளத் தண்ணியில நடந்துட்டு ஒண்ணு ரெண்டு வாரத்துல காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம். "தண்ணியில நின்னேன்"னு டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க.

21/ மூணாவது, நனைஞ்சதை வெளிய எடுக்கிறது. மெத்தை, பஞ்சுத் தலையணை, கார்ப்பெட், ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், அட்டைப் பெட்டி, உப்பிப் போன பிளைவுட். முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ள காய வைக்கலன்னா பூஞ்சை பிடிக்கும்னுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லுது. மெத்தை வாங்குற காசு பெருசுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் ஊறின பஞ்சு மெத்தையில குழந்தையைப் படுக்க வைக்காதீங்க.

22/ நாலாவது, பூச்சு. பொரிஞ்ச பூச்சு, தட்டினா பொத்தல் சத்தம் வர்ற பூச்சை உரிச்சிடணும், செங்கல் காத்தாடணும். பூசணத்தைக் காய்ஞ்ச துடைப்பத்தால தட்டாதீங்க, அது ரூம் பூரா பறக்கும். ஈரம் பண்ணி, சோப்புத் தண்ணி வச்சுத் துடைங்க. எடுக்கிறவர் என்95 மாஸ்க், கையுறை போடணும். குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரங்க வேற வீட்டுக்குப் போயிடட்டும். பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிடையும் சேர்த்து ஊத்தாதீங்க. வர்றது குளோரின் வாயு, நுரையீரலை எரிச்சிடும்.

23/ அஞ்சாவதுதான் எல்லாரும் தாண்டிப் போற படி: காய வைக்கிறது. எதிரெதிர் ஜன்னலைத் திறந்து, சுவரைப் பார்த்து டேபிள் ஃபேன். அடைமழையில ஜன்னலைத் திறந்து வச்சா வெளி ஈரமும் உள்ள வரும். மழை விட்ட உச்சி நேரத்துல திறங்க. பீரோவை அரை அடி தள்ளி வைங்க. துணியை அந்த ரூம்ல காயப் போடாதீங்க. இவ்வளவுதான். ஆனா மாசக்கணக்குல.

24/ காய்ஞ்சிருச்சான்னு எப்படித் தெரியும்? கையை வச்சுப் பார்க்கிறது பத்தாது. ரெண்டடிக்கு ரெண்டடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு ஓரமும் டேப் போட்டு சுவர்ல ஒட்டுங்க. ஒரு நாள் விட்டுப் பாருங்க. ஷீட்டோட உள்பக்கம் வேர்த்திருந்தா, சுவர் இன்னும் தண்ணி விடுதுன்னு அர்த்தம். பெயின்ட்டர் வரட்டும், பரவாயில்ல, டீ கொடுத்து திருப்பி அனுப்புங்க.

25/ இது மூச்சுக் கோளாறோட முடியற விஷயமும் இல்ல. ஈரம் உள்ள நின்னா கான்கிரீட்டுக்குள்ள கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பை விட அதிக இடம் பிடிக்கும். அதனாலதான் சீலிங்ல இருந்து கான்கிரீட் தட்டையா பெயர்ந்து விழுது. அது தூங்குறவங்க தலையில விழுந்தா நாங்க தையல் போடுறோம், சி.டி. எடுக்கிறோம்.

26/ இதெல்லாம் சொந்த வீட்டுக்காரங்களுக்குச் சரி, வாடகைக்காரங்க என்ன செய்ய? நியாயமான கேள்வி. பூச்சை உரிக்கச் சொன்னா காலி பண்ணச் சொல்லுவாங்க. நீங்க உடனே செய்யக் கூடியது: குழந்தையோட படுக்கையை அந்தச் சுவர்ல இருந்து, முடிஞ்சா அந்த ரூம்ல இருந்தே மாத்துங்க. தேதி தெரியற மாதிரி போட்டோ எடுத்து எழுத்துல சொல்லுங்க. டாக்டர்கிட்ட ஓபி சீட்டுல 'வீட்டுல ஈரம், பூஞ்சை'ன்னு எழுதச் சொல்லுங்க. நான் எழுதிக் கொடுக்கேன்.

27/ புது ஃப்ளாட் வாங்கினவங்களுக்கு: ரெரா சட்டம் 14-வது பிரிவுப்படி, வீட்டை ஒப்படைச்ச நாள்ல இருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறை, வேலைத் தரக் குறையைச் சொன்னா, பில்டர் 30 நாளுக்குள்ள காசு வாங்காம சரி செய்யணும். ஒழுகலைப் பார்த்ததும் முதல்ல பெயின்ட்டரைக் கூப்பிடாம, முதல்ல அந்தக் கடிதத்தை எழுதுங்க.

28/ எங்க வீட்டு அழுக்கையும் சொல்லிடுறேன். முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரியில வார்டு சீலிங் ஒழுகுச்சு. இன்ஸ்பெக்ஷன் வருதுன்னதும் மூணு நாள்ல பளபளன்னு பெயின்ட். அடுத்த மழைக்கு அதே இடத்துல அதே வரைபடம். கீழ படுத்திருந்தது மூச்சுத் திணறல் நோயாளி. எந்த ஊர்னு கேக்காதீங்க. எந்த அரசு கட்டடத்துல வேலை பார்த்தவங்களுக்கும் அந்த வரைபடம் தெரியும்.

29/ அதனால எனக்கு மூணு கோரிக்கை. ஒண்ணு, அரசு கட்டடத்துல ஒழுகல் வேலைக்கு எஸ்டிமேட் போடும்போது 'காய வைக்கும் காலம்'னு தனி வரி வேணும். காய்ஞ்சதைச் சோதிச்ச பிறகுதான் பெயின்ட் பில் பாஸ் ஆகணும். ரெண்டு, வெள்ள நிவாரணம். 2023-ல அதிகம் பாதிச்ச தாலுகாக்களுக்கு 6,000 ரூபாய் கொடுத்தாங்க, தேவையான உதவி. அடுத்த தடவை அதோட பம்பும் பெரிய ஃபேனும் தெருவுக்குத் தெரு இரவலாக் கிடைக்கட்டும். மருத்துவ முகாம்ல காய்ச்சலோட சேர்த்து சுவரையும் கேக்கட்டும்.

30/ மூணாவது உங்ககிட்ட. குடியிருப்பு சங்கத்துல லிப்ட்டுக்கும் வாட்ச்மேனுக்கும் காசு போடுறோம். ஒழுகலுக்கு ஒரு பொது நிதி, ஒரு கெடு வைங்க: சொன்ன நாள்ல இருந்து ஒரு வாரத்துக்குள்ள மேல் வீட்டைத் திறந்து பார்க்கணும். மேல் வீட்டுக்காரருக்கு அது பாத்ரூம் டைல்ஸ். கீழ் வீட்டுக்கு அது குழந்தையோட தலைமாடு.

31/ ஏன் இப்ப எழுதுறேன்? இப்பதான் நேரம். குற்றாலத்துல சாரல், நம்ம பாளையங்கோட்டையில காஞ்ச காத்து. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க, சுவர் ஈரம் பறக்காதா? பூச்சை உரிக்கணும்னா இப்ப உரிங்க, தட்டட்டி ஓடு மாத்தணும்னா இப்ப மாத்துங்க. ஐப்பசி அடைமழையில கொத்தனாரைத் தேடினா அவரும் கிடைக்க மாட்டார், சுவரும் காயாது.

32/ அந்தப் பையன்? மருந்தை நான் மாத்தல. கட்டிலைத்தான் மாத்தச் சொன்னேன். அவங்க அப்பா மேல் வீட்டுக்காரரோட பேசி, நிரப்பலைத் தோண்டி, இந்தப் பக்கம் பூச்சை உரிச்சுப் போட்டார். மாசி, பங்குனி, சித்திரை மூணு மாசம் செங்கல் தெரியவே சுவர் கிடந்துச்சு. சொந்தக்காரங்க வந்து "என்ன வீடு இப்படிக் கெடக்கு?"ன்னு கேட்டாங்களாம். இன்ஹேலர் இன்னும் எடுக்கான், அதை நிறுத்தச் சொல்லல. ஆனா வைகாசிக்கு அப்புறம் நெபுலைசருக்கு வரல.

33/ போன வாரம் வேற வேலையா வந்தவர் போனைக் காட்டினார். சுவர்ல ஒட்டின பிளாஸ்டிக் ஷீட். உள்பக்கம் ஒரு சொட்டு வேர்வை இல்ல. "இனி அடிக்கலாமா சார்?" "அடிங்க அண்ணாச்சி. சுண்ணாம்பே அடிங்க."